கும்பகோணத்து மாடியில் காட்டு வயலட் வளருமா?

கும்பகோணத்தில் உள்ள உங்கள் வீட்டு மாடியில் காட்டு வயலட் வளர்க்க முடியுமா, விதை எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ சென்று வந்தபின் தோன்றிய ஆசையாக இருக்கும் என்று நினைக்கிறேன். மலைச் சோலைகளில் வளரும் வயோலா பைலோசாவும், யுனானி மருத்துவத்தில் பனஃப்ஷா எனப்படும் வயோலா ஒடோரேட்டாவும் குளிர்ச்சியை விரும்புபவை. நம் சித்திரை வெயிலில் அவற்றைக் காப்பாற்றுவது கடினம். நாற்றுப் பண்ணைகளில் ஆப்பிரிக்கன் வயலட் என்று விற்கப்படும் தொட்டிச்செடியோ அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. ஆனால் வயலட் குடும்பத்துச் செடி ஒன்று நம் மேட்டுக் கொல்லைகளில் தானாகவே முளைக்கிறது. அது ஓரிதழ்த்தாமரை. தாவரங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1753இல் இதனை வயலட்டுகளின் பேரினமான வயோலாவிலேயே வைத்துப் பெயரிட்டார். பிற்காலத்தில்தான் ஹைபாந்தஸ் என்னும் பேரினத்துக்கு மாற்றினார்கள். சிறிய நான்கு இதழ்களுக்குக் கீழே இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த ஒரே பெரிய இதழ் விரிந்திருப்பதால், ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

களைச்செடிக்கு இத்தனை பெருமையா என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன். ஒரத்தநாட்டுப் பக்கம், கல்லணைக் கால்வாய்ப் பாசனத்துக்கு எட்டாத மேட்டில், எங்களுக்கு ஒரு கடலைக் கொல்லை இருக்கிறது. அதன் வேலியோரச் செம்மண்ணில் இந்தச் செடி ஏராளமாக இருந்தது. ஆண்மைக்கு மருந்து என்று காணொளிகளில் பரவியபின், மூலிகை வாங்கும் ஒருவர் சாக்குகளோடு வந்து நின்றார். "வேரோடு பிடுங்கிக் கொடுத்தால் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்கிறேன் அம்மா" என்று என் அத்தையிடம் கேட்டார். "விதை விழாமல் பிடுங்கினால் அடுத்த வருஷம் என்னத்தைக் கொடுப்பேன் தம்பி?" என்று சொல்லி அத்தை அனுப்பிவிட்டார். பக்கத்துக் கொல்லைகளில் கொடுத்தார்கள். அங்கே இன்று தேடித்தான் பார்க்க வேண்டும். சித்த மருத்துவத்தில் இந்தச் செடியைச் சமூலமாக, அதாவது வேர் முதல் பூ வரை, பயன்படுத்துகிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. மருந்தாக உண்பது பற்றிச் சித்த மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். காட்டில் இருப்பதைக் காலி செய்துவிட்டு மருந்தைப் பற்றிப் பேசுவதில்தான் எனக்கு வருத்தம். கால்வாய்க் கரையில் ஒப்பந்தக்காரர்கள் களைக்கொல்லி அடிப்பதும் பூக்கும் பருவத்திலேதான். அதைக் கேட்பாரும் இல்லை.

எனவே செடியைப் பிடுங்கி வராதீர்கள். ஆணிவேர் ஆழமாகச் செல்வதால் பெயர்த்து நட்ட செடி பெரும்பாலும் பிழைப்பதில்லை. காய் பச்சை நிறம் மாறி வெளுக்கத் தொடங்கும்போது மெல்லிய துணியை அதன்மேல் தளர்வாகக் கட்டிவிடுங்கள். முற்றிய காய் மூன்றாகப் பிளந்து விதைகளைத் தெறித்துவிடும். கொல்லைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு செடியில் சில காய்களை மட்டும் எடுங்கள்.

உங்கள் பக்கத்து வண்டல் களிமண்ணை அப்படியே தொட்டியில் நிரப்பினால் ஐப்பசி மழையில் நீர் தேங்கி வேர் அழுகும். ஆற்று மணலும் செம்மண்ணும் சரிபாதியாகக் கலந்து, கொஞ்சம் மட்கிய எருவைச் சேர்த்தால் போதும். உரம் அதிகமானால் தழைதான் மிகும். தொட்டி ஆழமாக இருக்கட்டும். புரட்டாசியில் விதைத்து, மேலே மணலை மிக மெல்லியதாகத் தூவுங்கள். விதைகள் ஒரே சீராக முளைப்பதில்லை என்பதால், ஒன்றிரண்டு வந்ததும் மற்றவை பழுது என்று மண்ணைக் கிளறிவிட வேண்டாம். எறும்புகள் இழுத்துச் செல்லாதபடி தொட்டியை நீர் ஊற்றிய தட்டில் செங்கல் வைத்து அதன்மேல் நிறுத்துங்கள்; தொட்டியின் அடி நீரில் படக்கூடாது. நாள் முழுவதும் வெயில் படும் இடமே இதற்கு ஏற்றது.

செடி வளர்ந்தபின் இலைகளில் முட்கள் நிறைந்த செம்பழுப்புப் புழுக்களைக் காண நேரிடும். டானி கோஸ்டர் என்னும் ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் அவை. சிறுபூனைக்காலி என்னும் கொடியோடு இந்தச் செடியும் அவற்றுக்கு உணவு. வேப்பெண்ணெய் தெளித்துவிடாதீர்கள். இலைகளை இழந்தாலும் வேரூன்றிய செடி அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். இரண்டு மூன்று தொட்டிகளாக வளர்த்தால் புழுவுக்கும் போதும், உங்களுக்கு விதையும் மிஞ்சும்.