செயல்திட்டத்தில் கற்றதைப் பிறர் முன் எடுத்துரைக்க மாணவர்களை எவ்வாறு ஆயத்தப்படுத்துவது?

செயல்திட்டத்தைச் செம்மையாகச் செய்து முடித்த மாணவர்கள்கூடப் பார்வையாளர் முன் நின்றதும் தாளைப் பார்த்து ஒப்பிப்பது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். கூச்சத்தை மட்டும் குறைசொல்வதில் பயனில்லை. என்ன செய்தோம் என்று சொல்வதற்கும் என்ன கற்றோம் என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குப் பெரும்பாலும் காட்டப்படுவதே இல்லை.

ஆகவே, படவில்லைகளைத் தொடுவதற்கு முன்பே, "முதலில் என்ன நினைத்தாய், எதைக் கண்டபின் அந்த எண்ணம் மாறியது?" என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். அவரை விதைகளை இருட்டிலும் வெளிச்சத்திலும் முளைக்கவைத்த ஒரு குழு, பயன்படுத்திய பொருட்களின் பட்டியலோடு தொடங்குவதைவிட, "இருட்டில் முளைக்காது என்று எண்ணினோம், இரண்டிலும் முளைத்தன, ஆனால் இருட்டில் வளர்ந்த நாற்று வெளிறி, மெலிந்து நீண்டிருந்தது" என்று தொடங்கினால், கேட்பவர் உடனே காரணத்தை அறிய விரும்புவார். விதைக்குள் சேமித்திருந்த உணவே முளைக்கப் போதுமானதாக இருந்தது என்ற விளக்கத்துக்கு அப்போதுதான் இடம் பிறக்கிறது.

ஒத்திகையை அந்தத் திட்டத்தைப் பற்றி ஏதும் அறியாத வேறு வகுப்பு மாணவர் முன் நடத்துவது நல்லது. அவர் முகம் சுளிக்கும் இடமே திருத்த வேண்டிய இடம். முழு உரைக்குப் பதிலாக நான்கைந்து குறிப்புச் சொற்கள் கொண்ட அட்டை கையில் இருக்கட்டும். நடுவில் உச்சரிப்பைத் திருத்தாதீர்கள்.

நான் மிக முக்கியமாகக் கருதுவது கேள்வி நேரத்தை. "அதை நாங்கள் அளக்கவில்லை, அளக்க வேண்டுமானால் இப்படிச் செய்வோம்" என்று தயங்காமல் சொல்லவும், குழுவில் எவரிடம் கேட்டாலும் எந்தப் பகுதியையும் விளக்கவும் அவர்களைப் பழக்குங்கள்.