வாசகர் கேள்வி பதில்: அரசாங்கத்தின் பெயரில் வரும் மெசேஜ்கள்

"பார்சலின் முகவரி பிழை, 24 மணி நேரத்துக்குள் 65 ரூபா கட்டாவிட்டால் திருப்பி அனுப்பப்படும்" என்று தபால் திணைக்களத்தின் பெயரில் மெசேஜ் வந்தது. எனக்கு உண்மையிலேயே ஒரு பார்சல் வரவேண்டியிருக்கிறது. இதை நம்பலாமா?
- வாசகி, தலவாக்கலை

நம்ப வேண்டாம். உங்களுக்குப் பார்சல் வருவது தெரிந்து அனுப்பிய மெசேஜ் அல்ல அது. ஆயிரக்கணக்கான இலக்கங்களுக்கு ஒரேயடியாக அனுப்பினால் யாராவது சிலர் பார்சலுக்காகக் காத்திருக்கத்தான் செய்வார்கள். தோட்டத்து முகவரிக்குத் தபால் சுணங்குவது வழமை என்பதால் நம் பக்கத்தில் இது இன்னும் எளிதாக எடுபடுகிறது.

அனுப்பியவர் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். பெயரைப் போலியாகப் போடலாம். அப்படி வரும் மெசேஜ், முன்பு வந்த உண்மையான மெசேஜ்களுக்குக் கீழேயே போய் உட்காரும். பார்க்க வேண்டியது மெசேஜிலுள்ள லிங்க். தொடக்கத்திலுள்ள இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்த ஒற்றைச் சாய்கோடு வரை வாசியுங்கள். அந்தப் பகுதி ‘டொட் ஜிஓவி டொட் எல்கே’ என்று முடிந்தால்தான் அது தபால் திணைக்களத்தின் தளமாக இருக்க முடியும். எல்கேக்குப் பின்னால் ஒரு சிறு கோடோ புள்ளியோ வந்து வேறு சொல் தொடர்ந்தால், முன்னால் தபால் திணைக்களத்தின் பெயர் இருந்தாலும் அது வேறொருவரின் தளம். ஐபோனில் "முதலில் ‘வை’ என்ற ஆங்கில எழுத்தைப் பதிலாக அனுப்புங்கள்" எனக் கேட்பார்கள். தெரியாத இலக்கத்திலிருந்து வரும் லிங்கை ஐபோன் திறக்க விடாது. நீங்கள் பதில் போட்டால் அந்தத் தடை நீங்கிவிடும். அதற்காகத்தான் கேட்கிறார்கள்.

65 ரூபா வெறும் தூண்டில். அவர்களுக்கு வேண்டியது கார்ட் இலக்கம், காலாவதித் திகதி, பின்புறத்து 3 இலக்கம், கடைசியாக ஓடிபி (கொடுப்பனவை உறுதிசெய்ய வங்கி போனுக்கு அனுப்பும் ஒருமுறை இலக்கம்). ஓடிபி மெசேஜை முழுதாக வாசியுங்கள்: பெரும்பாலும் தொகையும் கடையின் பெயரும் அதில் இருக்கும். 65க்குப் பதில் பெரிய தொகையோ வெளிநாட்டு நாணயமோ இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

பார்சலைத் தேட, அனுப்பியவரிடம் 13 எழுத்து, இலக்கம் கொண்ட பதிவெண்ணை வாங்கி (2 எழுத்து, 9 இலக்கம், பிறகு 2 நாட்டெழுத்து) உங்கள் தபாலகத்தில் நேரே கேளுங்கள்.

கார்ட் விபரத்தையும் ஓடிபியையும் கொடுத்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?
- வாசகர், ஹட்டன்

முதலில் கார்டை முடக்குங்கள். வங்கியின் ஆப்பில் முடியும். இல்லாவிட்டால் கார்டின் பின்புறத்திலுள்ள இலக்கத்துக்கு அழையுங்கள். மெசேஜிலுள்ள இலக்கத்துக்கு அழைக்கவே கூடாது. பணம் போயிருந்தால் அந்தக் கொடுப்பனவை மறுப்பதாக வங்கியில் எழுத்தில் கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் கிளை திறக்கட்டும் என்று இருந்தால் இரவோடிரவாக மீதியும் போய்விடும். மெசேஜை அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள்; பொலிஸ் முறைப்பாட்டுக்குத் தேவை. இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கு 101இல் அறிவிக்கலாம்.

லிங்கிலிருந்து ஏதாவது ஆப் இறக்கியிருந்தால் கதை வேறு. வரும் ஓடிபியை அந்த ஆப்பே வாசித்து அனுப்பக்கூடும். போனின் டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து வங்கிக்கு அழையுங்கள்.

அஸ்வெசும (அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு) கிடைக்க, போனுக்கு வரும் 6 இலக்கத்தைச் சொல்லும்படி ஒருவர் கேட்டார்.
- வாசகி, பண்டாரவளை

அது பெரும்பாலும் உங்கள் வாட்ஸ்அப்பைப் பிடுங்கும் இலக்கம். அஸ்வெசும வங்கிக் கணக்குக்கு வருவது. அதற்கு எந்த இலக்கத்தையும் போனில் சொல்ல வேண்டியதில்லை. சந்தேகமென்றால் அஸ்வெசும உதவி இலக்கமான 1924க்கு அழையுங்கள், அல்லது பிரதேச செயலகத்தில் கேளுங்கள். சொல்லிவிட்டீர்களா? உடனே உங்கள் போனில் வாட்ஸ்அப்பை மீண்டும் பதிவு செய்யுங்கள், அவர் வெளியேற்றப்படுவார். அவர் ஏற்கனவே இரட்டைச் சரிபார்ப்புக்கான இரகசிய இலக்கம் போட்டிருந்தால் 7 நாள் காத்திருக்க நேரும். அதுவரை உங்கள் பெயரில் பணம் கேட்டு மெசேஜ் வந்தால் கொடுக்க வேண்டாமென்று உறவினருக்கு அழைத்துச் சொல்லிவிடுங்கள்.