சின்ன ஊர்கள் சேர்ந்து திட்டமிடுவது எப்படி? கேள்வி பதில்

அடுத்தடுத்து இருக்கும் சின்ன ஊர்கள் குப்பை, தண்ணீர், சாலை, தீயணைப்பு போன்ற வேலைகளைச் சேர்ந்து செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வட்டாரத் திட்டமிடல்தான் என் தொழில். ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: சார், சேர்ந்து செய்தால் செலவு குறையும் என்கிறார்கள். உண்மையா?

சில வேலைகளில் உண்மை, சிலவற்றில் இல்லை. குடிநீர்ச் சுத்திகரிப்பு, கழிவுநீர் நிலையம், குப்பைக் கிடங்கு இவற்றிலெல்லாம் கட்டுமானத்துக்கும் இயந்திரத்துக்கும்தான் பெரும் பணம் போகிறது. வீடுகள் கூடக் கூட ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு இறங்கும். தெரு கூட்டுவது, ரோந்து போவது போன்றவை ஆட்கள் செய்யும் வேலை. ஊர் இரண்டு மடங்கானால் ஆட்களும் இரண்டு மடங்கு வேண்டும், மிச்சம் ஒன்றும் இல்லை. 2009-ல் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், 1970-களில் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் பகுதியில் போலீஸ் சேவையை ஆராய்ந்தார். ரோந்தில் சின்ன ஊர்களின் போலீஸ் பெரிய நகரப் போலீசுக்குச் சளைக்கவில்லை, பல விஷயங்களில் மேலாகவே இருந்தது. தடய அறிவியல் கூடம் போன்றவற்றைத்தான் பெரிய அளவில் நடத்துவது லாபம். ஆகவே எல்லாவற்றையும் சேர்க்காதீர்கள். எதைச் சேர்ப்பது என்று ஒவ்வொரு வேலையாக எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: நான் நகர மன்ற உறுப்பினர். மூன்று ஊருக்கும் பொதுவாகக் குப்பை நிலையம் அமைக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். செலவை எப்படிப் பிரிப்பது என்பதிலேயே பேச்சு நின்றுவிட்டது.

பெரும்பாலான கூட்டு முயற்சிகள் நின்றுபோவது இந்த இடத்தில்தான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உதாரணத்துக்கு, மூன்று ஊர்களின் மக்கள்தொகை 8,000, 12,000, 20,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவையும் தலைக்கணக்கில் பிரித்தால் 20, 30, 50 சதவீதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். இப்போது நடுத்தர ஊர் வீட்டிலேயே குப்பையைத் தரம் பிரித்து, மட்குவதை அங்கேயே உரமாக்கி, நிலையத்துக்கு அனுப்புவதைப் பாதியாகக் குறைக்கிறது. அப்போதும் அது கட்டுவது அதே 30 சதவீதம். அடுத்த வருஷம் அந்த ஊர் மக்கள் எதற்குப் பிரிக்க வேண்டும்?

சரி, எடைப்படி பிரிக்கலாம் என்றால் அதில் வேறு சிக்கல். முதலில் எடையும் 20, 30, 50 என்றே இருந்தது என்று வைத்தால், நடுத்தர ஊரின் 30 பங்கு குப்பை 15 ஆகிறது, மொத்தம் 85. அதன் செலவுப் பங்கு ஏறக்குறைய 18 சதவீதத்துக்கு இறங்குகிறது. பெரிய ஊரின் பங்கு 59 சதவீதத்துக்கு ஏறுகிறது. ஒரு கிலோ கூட அதிகமாக அனுப்பாத ஊர் அதிகமாகக் கட்டுகிறது, ஏனென்றால் கடன் தவணையும் இயந்திரப் பராமரிப்பும் குப்பை குறைந்தாலும் குறையாது.

அதனால் செலவை இரண்டாகப் பிரியுங்கள். கடன் தவணை, காப்பீடு, நிரந்தர ஊழியர் சம்பளம் இவை நிலைச் செலவு. ஒவ்வொரு ஊரும் ஆரம்பத்திலேயே தனக்கென்று எவ்வளவு கொள்ளளவு ஒதுக்கிக்கொண்டதோ அந்த விகிதத்தில் இதைக் கட்டட்டும். எரிபொருள், மின்சாரம், தினக்கூலி இவை எடைமேடைக் கணக்குப்படி. எடைச் சீட்டு ஒவ்வொன்றின் நகலும் மூன்று ஊர் அலுவலகத்துக்கும் அன்றன்றே போக வேண்டும். இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். சீட்டு ஒரே ஊரின் கையில் இருந்தால் சந்தேகம் வந்தே தீரும்.

அப்புறம், நிலையம் அமையும் ஊரை மறந்துவிடக் கூடாது. நாற்றமும் லாரியும் அவர்களுக்கு, வசதி எல்லோருக்கும் என்றால் அங்கே எதிர்ப்பு கிளம்புவதைத் தவறென்று சொல்ல முடியாது. டன் ஒன்றுக்கு இவ்வளவு என்று அந்த ஊருக்குத் தனித் தொகை, லாரி போகும் சாலையின் பழுதுச் செலவு, இரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: எங்களுக்கு முழுநேரப் பொறியாளர் வைக்கவே வசதி இல்லை. கூட்டு அமைப்பெல்லாம் எங்களால் முடியுமா?

கூட்டு அமைப்புதான் வேண்டும் என்றில்லை, வேலையை ஒப்பந்தத்தில் வாங்கிக்கொள்ளலாம். கலிபோர்னியாவின் லேக்வுட் 1954-ல் தனி நகரமானபோது போலீஸ் உட்படப் பல சேவைகளை லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியிடம் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) காசு கொடுத்து வாங்கியது. பிறகு பல ஊர்கள் அதே வழியில் போயின. உங்களைப் போன்ற இரண்டு மூன்று ஊர்கள் ஒரு பொறியாளரைப் பொதுவாக வைப்பதும் நல்ல தொடக்கம்தான்.

கேள்வி: கூட்டமைப்பில் பெரிய ஊர் எங்களை விழுங்கிவிடாதா?

விழுங்கும், வாக்கு விதி சரியாக இல்லாவிட்டால். தலைக்கு ஒரு வாக்கு என்றால் பெரிய ஊர் வைத்ததுதான் சட்டம். ஊருக்கு ஒரு வாக்கு என்றால் இரண்டு சின்ன ஊர்கள் சேர்ந்து பெரிய ஊரின் பணத்தைச் செலவழித்துவிடும். பிரான்சின் கூட்டு மன்றங்களில் எவ்வளவு சின்ன ஊரானாலும் ஓர் இடம் நிச்சயம். எவ்வளவு பெரிய ஊரானாலும் பாதிக்கு மேல் இடம் கிடையாது. இதோடு இன்னொன்றும் சேர்க்கச் சொல்வேன்: பட்ஜெட், புதுக் கடன் போன்ற முடிவுகளுக்கு ஊர்களில் பெரும்பான்மையும் வேண்டும், மக்கள்தொகையில் பெரும்பான்மையும் வேண்டும். முடிவெடுக்கத் தாமதமாகும்தான். ஆனால் எடுத்த முடிவு நிற்கும்.

கேள்வி: இத்தனை தொல்லைக்கு, எல்லா ஊரையும் ஒன்றாக இணைத்துவிட்டால் என்ன?

நாடு முழுக்க அப்படிச் செய்தவர்கள் உண்டு. டென்மார்க் 2007-ல் 271 உள்ளாட்சிகளை 98 ஆக்கியது. ஜப்பானில் 1999-ல் 3,232 ஆக இருந்தவை 2010 மார்ச்சில் 1,727 ஆகின. இணைப்பால் பெரிய அலுவலகம் கிடைக்கும், சிறப்புத் திறன் உள்ள ஊழியர்களை வைக்க முடியும். ஆனால் ஓரத்து ஊருக்கு அலுவலகம் தூரமாகிவிடும், அங்கிருந்து மன்றத்துக்குப் போகும் குரலும் குறையும். என் கருத்து: நான்கு வேலைகளுக்காக ஊரையே கரைக்க வேண்டாம். இணைப்பைத் திரும்பப் பிரிப்பது மிகவும் கடினம். ஒப்பந்தத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

கேள்வி: மேலே இருக்கும் ஊர் வாய்க்காலை அகலப்படுத்தி கான்கிரீட் போட்டது. அதிலிருந்து மழை பெய்தால் எங்கள் தெருவில் தண்ணீர். யாரிடம் கேட்பது?

அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார்கள். தங்கள் ஊரில் தேங்கியதை வடித்திருக்கிறார்கள். ஆனால் மண் வாய்க்காலில் புல்லிலும் வளைவிலும் தட்டுத் தடுமாறி வந்த தண்ணீர், கான்கிரீட்டில் வழுக்கிக்கொண்டு வருகிறது. முன்பு நேரம் எடுத்து, பரவி வந்த அதே மழைநீர் இப்போது சீக்கிரமாக, ஒரே மூச்சாக உங்கள் எல்லைக்கு வருகிறது.

புகார் மனு எழுதுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். இரண்டு ஊர்ப் பொறியாளர்களும் வாய்க்கால் தொடங்கும் இடத்திலிருந்து கலக்கும் இடம் வரை சேர்ந்து நடக்கட்டும். வழியில் இருக்கும் ஒவ்வொரு சிறுபாலத்திலும் எத்தனை கண், ஒவ்வொரு கண்ணும் எவ்வளவு அகலம், உயரம், எவ்வளவு வண்டல் ஏறியிருக்கிறது என்று அளந்து ஒரே தாளில் வரிசையாக எழுதட்டும். எல்லை வரை 3 மீட்டர் திறப்பு, எல்லை தாண்டியதும் ஒன்றரை மீட்டர், அதிலும் பாதி வண்டல் என்று அந்தத் தாள் சொல்லும்போது வாக்குவாதம் பாதி அடங்கிவிடும். இரண்டு அலுவலக வரைபடமும் அவரவர் எல்லையோடு முடிந்துவிடுவதால்தான் இது யார் கண்ணிலும் படாமல் இருக்கிறது.

தீர்வுக்கு வந்தால், கீழே வாய்க்காலைப் பெரிதாக்குவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அப்படிச் செய்தால் பிரச்சினை அடுத்த ஊருக்குப் போகும். மேலேயே ஒரு மைதானத்தையோ தாழ்வான நிலத்தையோ மழை நேரத்தில் தண்ணீர் தங்கிப் போகும்படி அமைப்பது பல இடங்களில் மலிவு. நிலம் மேல் ஊருடையது, பலன் கீழ் ஊருக்கு என்பதால் அந்தச் செலவில் நீங்களும் பங்கு தர வேண்டியிருக்கும். கசப்பாக இருந்தாலும் தெருவில் ஆண்டுதோறும் தண்ணீர் நிற்பதற்கு அது மேல். இனிமேல் வரும் கட்டுமானங்களுக்கு இரண்டு ஊரும் ஒரே விதி வைக்கலாம்: கட்டிய பிறகு மனையிலிருந்து வெளியேறும் உச்ச வெள்ளம், கட்டுவதற்கு முன் இருந்ததைவிடக் கூடக் கூடாது.

கேள்வி: தொழிற்சாலை ஒன்றுக்காக நாங்களும் பக்கத்து ஊரும் வரிச் சலுகையில் போட்டி போடுகிறோம். நிறுத்த வழி உண்டா?

உண்டு, வருமானத்தைப் பகிர்ந்துகொண்டால். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் 1971-ல் ஒரு சட்டம் போட்டது. மினியாபோலிஸ், செயின்ட் பால் சுற்றுவட்டாரத்தின் 7 கவுண்டிகளில், வணிக, தொழில் சொத்து வரி அடிப்படை, அதாவது வரி போடக் கணக்கில் எடுக்கும் சொத்து மதிப்பு, 1971-க்குப் பிறகு வளர்ந்ததில் 40 சதவீதம் பொதுக் கணக்குக்குப் போகும். வசதி குறைந்த ஊருக்கு அதிலிருந்து அதிகப் பங்கு வரும். நீதிமன்ற வழக்குகளைத் தாண்டி அது நிலைத்தது. இருப்பதில் கை வைக்காமல் வளர்ச்சியில் மட்டும் பங்கு கேட்டதுதான் அதன் சாமர்த்தியம். இரண்டு ஊருக்குள் இதைச் செய்ய உங்கள் நாட்டுச் சட்டம் இடம் தருகிறதா என்று பாருங்கள். தராவிட்டாலும், சலுகையின் உச்சவரம்பை இருவரும் எழுதி ஒப்புக்கொள்ளலாம்.

கேள்வி: தீ விபத்து என்றால் பக்கத்து ஊர் வண்டி எப்படியும் வரும். அதற்கு ஒப்பந்தம் எதற்கு?

1904-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் எரிந்தபோது பல ஊர்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் வந்தன. பலவற்றின் குழாய் இணைப்பு பால்டிமோரின் நீர்க்குழாய் வாயில் பொருந்தவில்லை. 1,500-க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. இணைப்பு அளவு, வயர்லெஸ் அலைவரிசை, சம்பவ இடத்தில் யார் தலைமை, காயமடைந்தால் யார் செலவு இவற்றை முன்கூட்டியே எழுதி, ஆண்டுக்கு ஒருமுறையாவது சேர்ந்து பயிற்சி செய்யுங்கள்.

கேள்வி: இதற்கெல்லாம் சட்டத்தில் இடம் இருக்கிறதா?

நாட்டுக்கு நாடு மாறும். பிரான்சில் 1890-லேயே ஊர்கள் ஒரு வேலைக்காகக் கூட்டமைப்பு தொடங்கச் சட்டம் வந்துவிட்டது. பிரேசிலின் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூட்டமைப்புக்குப் பணம் தர ஊர்கள் செலவுப் பங்கீட்டு ஒப்பந்தம் போட்டாக வேண்டும். இந்திய அரசமைப்பின் 243இசட்டி பிரிவு, ஊராட்சிகள், நகராட்சிகள் இரண்டின் திட்டங்களையும் தொகுக்க மாவட்டத் திட்டக் குழு அமைக்கச் சொல்கிறது. தண்ணீரைப் பகிர்வதும் அதன் கவனத்தில் வர வேண்டியதுதான்.

கேள்வி: தேர்தலில் தலைவர் மாறினால் ஒப்பந்தமும் போய்விடுகிறதே?

தலைவர்களின் நட்பை நம்பித் தொடங்கியதுதான் அப்படிப் போகும். ஒப்பந்தம் மன்றத் தீர்மானமாக இருக்கட்டும். விலகும் வழியையும் அதிலேயே எழுதுங்கள்: ஓராண்டு அல்லது ஈராண்டு முன்னறிவிப்பு, விலகல் நிதியாண்டு முடிவில்தான், ஏற்றுக்கொண்ட கடன் பங்கு விலகிய பிறகும் கட்ட வேண்டும். விலகும் வழியை எழுதினால் விலகத் தூண்டுவதாகாதா என்று பலர் தயங்குகிறார்கள். நான் பார்த்த வரையில், வெளியே வர வழி தெரிந்தால்தான் தயங்கும் ஊர் உள்ளே வருகிறது.

இன்னொன்று, கூட்டு வேலைக்கென்று ஒரு முழுநேர ஊழியரை நியமியுங்கள். கணக்கு அனுப்புவது, கூட்டம் கூட்டுவது, புதிய உறுப்பினர் வந்ததும் முதல் மாதமே போய் நிலையத்தைச் சுற்றிக் காட்டுவது அவர் பொறுப்பு. அவருடைய சம்பளமும் நிலைச் செலவில் வர வேண்டும்.