பின் ஷொக்கில் சத்தமா? காசைக் கொடுப்பதற்கு முன் காருக்குக் கீழே பாருங்கள்

கேள்வி: அண்ணா, என்னுடையது 1998ஆம் ஆண்டு கொரொல்லா 110. திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன், வேலை நிலாவெளிப் பக்கம். கொஞ்ச நாளாகப் பின்பக்கம் இடது சில்லடியில் ‘டொக் டொக்’ என்று சத்தம். சின்னக் கிடங்கில் விழுந்தாலும் வருகிறது. கராஜில் காட்டினேன், பின் ஷொக் இரண்டையும் மேல் மவுண்டோடு மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். இப்போதைக்கு அவ்வளவு காசு இல்லை. குறைந்த செலவில் வழி இருக்கிறதா? – உவர்மலை வாசகர்

பதில்: இருக்கிறது தம்பி. ஆனால் முதலில் சத்தம் எந்தச் சாமானிலிருந்து வருகிறது என்று பிடிக்க வேண்டும், அதைப் பிடிக்காமல் ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம்.

ஷொக் அப்சோபரின் வேலை ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. அது தேய்ந்தால் முதலில் தெரிவது ஆட்டம்தான். கிடங்கைத் தாண்டிய பிறகும் காரின் பின்பக்கம் இரண்டு மூன்று தடவை ஏறி இறங்கும், வளைவில் மிதப்பதுபோல இருக்கும், டயர் ஒரே சீராகத் தேயாமல் அங்கங்கே குழி விழுந்ததுபோலத் தேயும். உங்கள் கடிதத்தில் இது ஒன்றும் இல்லை. சத்தம் மட்டும்தான், அதுவும் சின்னக் கிடங்கில் வரும் சத்தம். அதனால் நான் முதலில் சந்தேகப்படுவது ஷொக்கை அல்ல, அதைச் சுற்றி, இரும்புச் சாமான்கள் சேரும் மூட்டுகளில் இருக்கும் றப்பர் புஷ்களையும், சாமான்களை இணைக்கும் சிறு தண்டுகளான லிங்க்குகளையும்தான். ஒரு சோடி ஷொக்கின் விலையோடு பார்த்தால் இவையெல்லாம் மிகச் சிறிய செலவு.

சரி, எப்படிப் பிடிப்பது? டிக்கியை முழுதாக வெறுமையாக்குங்கள். ஸ்பெயார் சில்லு, ஜக், சில்லு கழற்றும் ஸ்பானர் எல்லாவற்றையும் வீட்டில் இறக்கி வைத்துவிட்டு, சத்தம் வரும் அதே றோட்டில் ஒரு தடவை ஓடிப் பாருங்கள். சரியாகப் பூட்டாத ஜக் ஒன்று அச்சு அசலாக ஷொக் சத்தம் போடும். அப்படியும் சத்தம் போகாவிட்டால், வேறு வாகனம் வராத இடத்தில் மெதுவாக ஓடியபடியே ஹேண்ட் பிரேக்கை ஒரு பல் இரண்டு பல் மட்டும் இழுத்துப் பாருங்கள். அந்த நேரம் சத்தம் நின்றால் தளர்ந்திருப்பது பிரேக் சாமான், ஷொக்கில் கை வைக்கவே தேவையில்லை.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை, ஏனென்றால் ஒரு சாமானையும் கழற்றாமல் பாதி விடை கிடைத்துவிடும். முதலில் ஒரு வேகத்தடையில் பின் சில்லு இரண்டும் ஒன்றாக ஏறி இறங்கும்படி மெதுவாகப் போங்கள். பிறகு ஒரு பக்கச் சில்லு மட்டும் கிடங்கில் விழும்படி போங்கள். இரண்டும் ஒன்றாக ஏறும்போது சத்தமில்லை, ஒரு பக்கம் மட்டும் விழும்போது ‘டொக்’ என்கிறது என்றால் ஸ்டெபிலைசர் லிங்க் பக்கம்தான் கை காட்டுவேன். ஸ்டெபிலைசர் பார் என்பது இடது சில்லையும் வலது சில்லையும் இணைக்கும் இரும்புக் கம்பி. இரண்டு பக்கமும் ஒன்றாக ஏறினால் அது முறுகாது, லிங்க்கில் பாரமும் விழாது. ஒரு பக்கம் மட்டும் ஏறினால் கம்பி முறுகும், அப்போது லிங்க்கின் தேய்ந்த மூட்டு அடித்துக்கொள்ளும். பின்பக்கம் ஸ்டெபிலைசர் பார் இல்லாத 110 கார்களும் உண்டு, அதனால் கீழே பார்த்து அது இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இருந்தால், இன்னும் நிச்சயமாகத் தெரிய ஒரு வழி உண்டு. காரை ஜக்கில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்ட் கொடுத்து, இரண்டு பக்க லிங்க்கையும் கழற்றிவிடுங்கள். பாரின் நுனி எதிலும் இடிக்காதபடி கட்டிவிட்டு ஒழுங்கைக்குள் மெதுவாக ஒரு சுற்றுப் போய் வாருங்கள். சத்தம் இல்லையென்றால் விசயம் முடிந்தது, லிங்க் ஒரு சோடி வாங்கிப் போடுங்கள். கழற்றிய நிலையிலேயே கந்தளாய் பக்கம் நீண்ட ஓட்டம் போய்விட வேண்டாம், வளைவில் கார் வழக்கத்தைவிட அதிகம் சாயும்.

சத்தம் லிங்க்கிலிருந்து வரவில்லையென்றால் மேல் மவுண்டைப் பாருங்கள், ஷொக்கின் மேல் நுனியைக் காரின் உடம்போடு பிடிக்கும் றப்பர் வைத்த சாமான் அது. 110இல் பின் சீட்டின் சாய்வையும் அதற்குப் பின்னாலுள்ள தட்டையும் கழற்றினால் ஷொக்கின் மேல் நட்டுகள் தெரியும். ஒருவர் வெளியே நின்று பின்பக்கத்தை அமுக்கி அமுக்கி விடட்டும், நீங்கள் உள்ளே மவுண்டின் மேல் கையை வையுங்கள். றப்பர் செத்திருந்தால் அந்த அடி உங்கள் கையில் தெரியும், காதைவிடக் கை சரியாகச் சொல்லும். மவுண்டைக் காரின் உடம்போடு பிடிக்கும் நட்டுகள் தளர்ந்திருந்தால் இறுக்கிவிடுங்கள், சில நேரம் அதோடேயே சத்தம் நின்றுவிடும். நடுவிலுள்ள நட்டை மட்டும் கழற்றவே கூடாது. ஸ்பிரிங்கின் முழு விசையையும் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு நட்டுத்தான்.

பிறகு ஸ்பிரிங். கடலும் துறைமுகமும் சூழ்ந்த ஊர் எங்களுடையது, உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. ஸ்பிரிங்கின் கீழ்ச் சுற்று இருக்கும் தட்டில் மணலும் ஈரமும் தேங்கித் துரு ஏறும், ஸ்பிரிங்கின் நுனி உடைந்துபோவதும் உண்டு. டோர்ச் அடித்து அந்த இடத்தைக் கவனமாகப் பாருங்கள். நுனி உடைந்திருந்தால் ஸ்பிரிங்கை மாற்றியே ஆக வேண்டும், அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. உடையாமல், இடையிலுள்ள றப்பர் மட்டும் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசினால் புது றப்பர் போதும். அது கிடைக்காவிட்டால் கனமான றப்பர் ஹோஸ் ஒன்றை நீளவாக்கில் கீறி, ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றுக்குப் போட்டுவிடலாம். மலிவான வேலைதான், ஆனால் நன்றாக உழைக்கும்.

கடைசியாக, சில்லைப் பிடித்திருக்கும் பக்கவாட்டு ஆர்ம்களின் புஷ். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு வீணாகும் இடம் இதுதான். புது புஷ் போட்டு மூன்று நான்கு மாதத்தில் திரும்பச் சத்தம் வந்தால் சாமான் கூடாது என்று கடைக்காரரைத் திட்டுவோம், ஆனால் பெரும்பாலும் பிழை பூட்டிய விதத்தில் இருக்கும். கார் ஜக்கில் இருக்கும்போது சில்லு கீழே தொங்கும். அந்த நிலையிலேயே புஷ் போல்ட்டை முழுதாக இறுக்கினால், புஷ்ஷின் நடு இரும்பு தொங்கும் நிலையில் பிடிபட்டுவிடும். காரை நிலத்தில் இறக்கியதும் ஆர்ம் மேலே வரும், றப்பர் முறுகும். அதற்குப் பிறகு நிற்கும்போதும் ஓடும்போதும் அது முறுகிய நிலையிலேயே இருந்து கெதியாகக் கிழிந்துபோகும். ஆகவே மேலே வைத்து போல்ட்டுகளைக் கையால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் பூட்டி, கார் தன் முழுப் பாரத்தோடு சில்லில் நிற்கும்போது கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். மெக்கானிக்கிடம் இதை மரியாதையாகக் கேளுங்கள், பக்கத்தில் நின்றே செய்வியுங்கள். ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகு, ஷொக்கின் உடம்பில் எண்ணெய் ஈரமாக வழிந்திருந்தால், அல்லது காரை அமுக்கி விடும்போது அடங்காமல் ஆடினால், அப்போது ஷொக் மாற்றத்தான் வேண்டும். மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் தூசி ஒட்டியிருப்பதை லீக் என்று எண்ணிவிட வேண்டாம், தண்டு உள்ளே போய் வரும்போது அவ்வளவு கசிவது வழமைதான்.

கேள்வி: ஐயா, பழைய ஷொக்கைத் துளைத்து ஒயில் நிரப்பித் திரும்ப வெல்டிங் பண்ணித் தருகிறார்கள். புதியதில் பாதி விலையும் இல்லை. செய்யலாமா? – கிண்ணியா வாசகர்

பதில்: வேண்டாம் என்பதுதான் என் பதில். ஒயில் வெளியே வந்ததற்குக் காரணம், தண்டைச் சுற்றி ஒயிலை உள்ளே அடைத்து வைத்திருக்கும் சீல் தேய்ந்தது, அல்லது தண்டில் துருப் புள்ளி விழுந்து அது சீலைக் கிழித்தது. அந்தத் தண்டையும் சீலையும் அப்படியே விட்டுவிட்டு ஒயிலை மட்டும் நிரப்பினால் அதே வழியால் திரும்ப வெளியே வரும். உள்ளே வால்வுக்கு ஏற்ற தடிப்பில் ஒயில் இருக்க வேண்டும், கையில் கிடைத்த ஒயிலை ஊற்றினால் ஒரு பக்கம் கல்லுப்போல இறுகும், மறுபக்கம் ஆடும். வாயு அழுத்தம் உள்ள ஷொக்கைத் துளைப்பது செய்பவருக்கே ஆபத்து.

அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, ஜப்பானில் கழற்றிய பாவித்த ஷொக் ஒரு சோடி பார்க்கலாம். கொழும்பு பஞ்சிகாவத்தையில் இப்படியான சாமான் நிறைய உண்டு, கொழும்புக்குப் போய்வரும் யாரிடமாவது சொல்லி எடுப்பிக்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, சொந்தப் பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்தக் காலமெல்லாம் பழைய கார்களை ஓட வைத்ததில் இந்தக் கடைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. வாங்கும்போது கண்ணால் பார்த்து மட்டும் எடுக்க வேண்டாம். தண்டு முழு நீளத்துக்கும் பளபளவென்று இருக்க வேண்டும், நகத்தால் தடவினால் எங்கும் தடக்கக் கூடாது. சீல் அடி உலர்ந்திருக்க வேண்டும். ஷொக்கை நேராக நிறுத்திப் பிடித்து அமுக்கி இழுங்கள், அமுக்கும்போதும் சரி இழுக்கும்போதும் சரி, எதிர்ப்பு தொடக்கத்திலிருந்து முடிவு வரை சீராக இருக்க வேண்டும், நடுவில் ‘தொபுக்’ என்று வெறுமையாக விழக் கூடாது. அமுக்கிவிட்டால் தானாக மேலே எழும்பவில்லை என்று சிலர் வேண்டாம் என்பார்கள். வாயு உள்ளதுதான் தானாக எழும்பும், வெறும் ஒயில் ஷொக் எழும்பாது, அது பழுதல்ல.

கேள்வி: வலப்பக்கம் மட்டும்தான் லீக். அதை மட்டும் மாற்றினால் போதாதா? – தம்பலகாமம், ஆசிரியை

பதில்: ரீச்சர், லிங்க், புஷ் என்றால் பழுதானதை மட்டும் மாற்றலாம், பெரிய பாதகமில்லை. ஷொக் சோடியாகத்தான். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் தேய்ந்தது என்றால் சடுதியாக பிரேக் அடிக்கும்போதும் மழைத் தண்ணீரில் திரும்பும்போதும் இரண்டு பின் சில்லும் ஒரேமாதிரி நிலத்தைப் பிடிக்காது. காசு போதாவிட்டால் விலை குறைந்த சோடி எடுங்கள், அல்லது நல்ல பாவித்த சோடி எடுங்கள். விலைகூடிய ஒன்றை வாங்கி ஒரு பக்கம் மட்டும் போடுவதைவிட அது மேல்.

கேள்வி: புது ஷொக் போட்டும் சத்தம் நிற்கவில்லை. ஏமாற்றிவிட்டார்களா? – மூதூர் வாசகர்

பதில்: அவசரப்பட்டு அப்படி முடிவெடுக்க வேண்டாம். பெட்டியில் படுக்க வைத்திருந்த ஷொக்கை அப்படியே பூட்டினால் உள்ளே காற்று கலந்திருக்கும், முதலில் கொஞ்சம் ‘களக் களக்’ என்னும். பூட்டுவதற்கு முன் நேராக நிறுத்திப் பல தடவை முழுதாக அமுக்கி இழுத்திருக்க வேண்டும். அடுத்து, நடு நட்டு சரியாக இறுகவில்லையோ என்று பாருங்கள். தண்டு சுழல்கிறது என்று அதைக் குறட்டால் பிடித்து நட்டை இறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கீறல் சீலைத் தின்று சில மாதத்தில் புது ஷொக்கையும் லீக் ஆக்கும். ஸ்பிரிங்கின் நுனி தட்டிலுள்ள படியில் போய் முட்டி உட்கார்ந்திருக்கிறதா, பழைய பம்ப் ஸ்டொப்பும் (ஷொக் முழுதாக அமுங்கும்போது அடியைத் தாங்கும் றப்பர்) தூசி உறையும் கிழிந்தபடியே திரும்பப் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் கடற்கரை மணலுக்குத் தூசி உறை இல்லாத தண்டு தாங்காது.

இன்னொன்று, சேர்விஸ் பண்ணும் சில இடங்களில் துருவுக்கு என்று காரின் அடிப்பக்கம் முழுக்கப் பழைய எஞ்சின் ஒயிலோ டீசலோ அடிப்பார்கள். புஷ் சத்தமும் ஓரிரு நாள் நின்றதுபோல இருக்கும், பிறகு றப்பர் ஊதி மெத்தென்றாகிக் கிழியும். றப்பருக்கு சிலிக்கன் கிறீஸ் மட்டும்.

கேள்வி: அண்ணா, ஸ்பிரிங்கைக் கம்பியால் இறுக்கிக் கட்டி வீட்டிலேயே ஷொக்கை மாற்றும் வீடியோ பார்த்தேன். நானும் செய்யலாம் என்று நினைக்கிறேன், கூலி மிச்சம். – உப்புவெளி வாசகர்

பதில்: தம்பி, தயவுசெய்து வேண்டாம். அமுங்கிய ஸ்பிரிங் கம்பியை அறுத்துக்கொண்டு பாய்ந்தால் முகமோ கையோ மிஞ்சாது. ஸ்பிரிங் கம்பிரசர் என்று அதற்கென்றே கருவி இருக்கிறது, அதுவும் இரண்டு பக்கமும் சமமாக இறுக்கித்தான் பாவிக்க வேண்டும்.

கூலியை மிச்சம் பிடிக்க வேறு வழி சொல்கிறேன். சில்லைக் கழற்றுங்கள், பிரேக் ஹோஸை ஷொக்கோடு பிடித்திருக்கும் கிளிப்பை எடுங்கள், சில்லின் அச்சுப் பகுதியை ஹோஸில் தொங்க விடாமல் கீழே முட்டுக் கொடுங்கள். கீழ் போல்ட் இரண்டும் துருப் பிடித்திருக்கும், முதல் நாளே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊற விடுங்கள். கழற்ற முதல் ஷொக் இருந்த இடத்தைச் சுற்றி அடையாளம் கீறி வையுங்கள், திரும்பப் பூட்டும்போது அதே இடத்தில் வரும். பிறகு மேல் நட்டுகளை எடுத்து, நடு நட்டில் கை வைக்காமல், ஸ்பிரிங்கோடு சேர்த்து முழு ஷொக்கையும் வெளியே எடுத்து கராஜுக்குக் கொண்டுபோங்கள். ஸ்பிரிங்கை மாற்றிப் போடும் கூலி மட்டும்தான் கேட்பார்கள். திரும்ப நீங்களே பூட்டிவிட்டு ஒரு தடவை வீல் எலைன்மென்ட் பார்த்துவிடுங்கள், பின் சில்லு கோணம் மாறி நின்றால் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.