விசுவாசம் வளர "பழகின வட்டத்தை விட்டு வெளியே வா" என்கிறார்கள். வெளியே என்றால் எங்கே?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பத்து வருடமாக ஒரே சபை, ஒரே பெஞ்சு, ஆராதனை முடிந்ததும் அதே தோசைக் கடை என்று எழுதியிருக்கிறீர்கள். வேதம் வாசித்தும் உள்ளே ஒன்றும் அசையவில்லை என்கிறீர்கள். பேர் போடவில்லை, தம்பி என்றே வைத்துக்கொள்கிறேன்.

மேடையேறிச் சாட்சி சொல்வதும் ஒரு வாரம் வெளிநாட்டு ஊழியத்துக்குப் போவதும்தான் துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். போகிறவர்களைக் குறை சொல்லவில்லை, யாரும் பாய வேண்டாம். அங்கே படம் எடுக்கவாவது ஆள் இருக்கும். நான் சொல்லும் இடம் ஆஸ்பத்திரி வார்டு. "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்கிற மத்தேயு 25:36 நம் ஆட்களுக்கு மனப்பாடம். போய்ப் பார்ப்பது என்னவோ போதகரும் இரண்டு மூன்று அக்காமார்களும்தான். (கிரியையினால், அதாவது நற்செயலால், இரட்சிப்பு என்று சொல்ல வரவில்லை. அந்தச் சண்டைக்கு வேறு பதிலில் வாருங்கள்.)

தனியாகப் போகாதீர்கள். மாற்கு 6:7இல் இயேசுவின் சீடர்களே இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பப்பட்டார்கள். போதகரிடம் கேட்டு, பழகின ஒருவரோடு இரண்டாவது ஆளாகச் சேருங்கள். முதல் மூன்று தடவை ஜெபிப்பது அவர் வேலை, கேட்டுக்கொண்டிருப்பது உங்கள் வேலை. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் காரில் போனால் நிறுத்த இடம் தேடியே நேரம் போய்விடும். துன் சம்பந்தன் நிலையத்தில் மோனோரெயில் ஏறி தித்திவங்சாவில் இறங்கினால், அங்கிருந்து எம்.ஆர்.டி. ரயிலில் ஒரே நிலையம். பார்வை நேரம் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும், முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள்.

கை கழுவிவிட்டுப் போங்கள், சென்ட் வேண்டாம், கட்டிலில் உட்காராதீர்கள். படுத்திருப்பவர் கழுத்தைத் திருப்பாமல் முகம் பார்க்கிற பக்கமாக நில்லுங்கள். தலைமாட்டில் 'புவாசா' (எதுவும் உட்கொள்ளக் கூடாது) அட்டை தொங்கினால் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. மற்றபடியும் மிஸ்ஸியை (நர்ஸை) கேட்காமல் எதையும் ஊட்டாதீர்கள். பாசத்தில் நம் ஆட்கள் இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு என்று தூக்கிக்கொண்டு போவார்கள். டயாலிசிஸ் செய்கிறவருக்கு இவை ஆபத்து. சிறுநீரகம் வெளியேற்ற முடியாத பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். வெறுங்கையோடு போவது கூச்சமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

பெரும்பாலும் கெட்டுப்போவது பேச்சில்தான். "விசுவாசம் இருந்தா எல்லாம் சரியாயிடும்" என்றால், குணமாகாதவருக்கு அது குற்றச்சாட்டாகப் போய்ச் சேரும். எல்லாம் இழந்து நோயில் கிடந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்கள்தான், வாயைத் திறந்த பிறகுதான் வினை. "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருங்கள். அந்த அரை நிமிட மௌனம்தான் தம்பி, நீங்கள் தேடுகிற 'வெளியே'. பத்து வருடம் சேர்த்துவைத்த பதில் எதுவும் அங்கே செல்லாது.

வாசிப்பதென்றால் சின்னதாக. சங்கீதம் 23க்கு ஆறே வசனம், 121க்கு எட்டு. மனம் கசந்து கிடப்பவருக்கு 13ஐ எடுங்கள், 'எதுவரைக்கும்' என்று கடவுளையே கேட்டுத் தொடங்குகிற சங்கீதம். ஜெபம் மூன்று வாக்கியம் போதும்: அவர் பேர், அவர் வாயால் சொன்ன பயம், அவர் கேட்டது. நீங்களாக வியாதிக்குக் காரணம் கண்டுபிடித்து உள்ளே நுழைக்க வேண்டாம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் கிளம்பிவிடுங்கள்.

பக்கத்துக் கட்டிலில் முஸ்லிம் இருப்பார். குரலைத் தாழ்த்துங்கள், துண்டுப் பிரசுரம் நீட்டாதீர்கள். முஸ்லிம்களிடையே பிற சமயம் பரப்புவதைக் கட்டுப்படுத்த மலேசிய அரசியலமைப்பின் 11(4) விதி இடம் கொடுக்கிறது, பல மாநிலங்களில் சட்டமும் உண்டு. அவர் தண்ணீர் எடுத்துத் தரச் சொன்னால் மிஸ்ஸியைக் கேட்டுவிட்டு எடுத்துக் கொடுங்கள். அது சட்டத்துக்குப் பயந்து செய்வதல்ல.

படம் எடுக்காதீர்கள். வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் வியாதிப் பேரையும் வார்டு எண்ணையும் போடுவதற்கு முன் அவரிடம் கேளுங்கள். ஜெபக்குறிப்பு என்ற பேரில் நம் சபைகளில் ஓடும் வம்பு கொஞ்சமல்ல.

வார்டில் கூட்டம் இருக்கும். பக்கவாதம் வந்தவர் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பி இரண்டு மூன்று வாரம் ஆனதும் வருகிறவர்கள் நின்றுவிடுவார்கள். நீங்கள் அதற்குப் பிறகு போங்கள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, அதே ஆள், அதே நேரம். நாலாவது தடவை அவர் உங்களைத் திட்டலாம், சாமியையும் திட்டலாம். வாதாட வேண்டாம். மூத்திரப் பையை மாற்றுகிற நேரம் வந்தால் வெளியே நில்லுங்கள், முடிந்ததும் திரும்ப உள்ளே வாருங்கள். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் வீட்டுக்கு வந்து வேதத்தைத் திறக்கிறபோது, வாசிப்பு முன்னைப் போல இருக்காது.

போன நேரம் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பாதீர்கள். உங்கள் பேரையும் அடுத்து வருகிற நாளையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டு வாருங்கள். எழுதிய நாளில் கட்டாயம் போங்கள்.