மனைப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

மேற்படிப்புக்கு யோசனை கேட்டு பெரம்பூரிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. பெண் பிளஸ் டூ முடித்தவள். வேதியியலில் நல்ல மதிப்பெண், நோட்டின் கடைசிப் பக்கமெல்லாம் படம். கட்-ஆஃப் போதவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு ஊர் மனையை விற்கலாமா என்பது அப்பாவின் கேள்வி. பெரியப்பா விற்கச் சொல்லிவிட்டாராம்.

"கவலைப்படாதீங்க" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். கவலைப்பட வேண்டிய விஷயம்தான் சார். மனை உங்களுடையது, நாலு வருஷம் உங்கள் பெண்ணுடையது. இரண்டில் எதுவும் உங்கள் அண்ணனுடையது இல்லை.

அவள் பேசியது ஒரே முறை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு ஓவியத்தைப் பார்த்து, இந்த நீலத்தை எதில் செய்தார்கள் என்று கேட்டாளாம். வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதே ஒரு தொழில்.

அவுரிச் செடியில் எடுக்கும் நீலத்தையும், இரும்புச் சேர்மமான பிரஷ்யன் நீலம் என்ற செயற்கை வண்ணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பூசினால் கண்ணுக்கு இரண்டும் கருநீலம். ஒளியின் அலைநீளம் 700 நானோமீட்டரைத் தாண்டினால் நம் கண் குருடு; அதற்கு அப்பால் இருப்பதுதான் இன்ஃப்ராரெட். கேமராவுக்குள் இருக்கும் இன்ஃப்ராரெட் தடுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டால், அது ஏறக்குறைய 1000 வரை பார்க்கும். அந்தப் படத்தில் அவுரி வெளிறிப்போகும், பிரஷ்யன் நீலம் கரிபோல நிற்கும். பிரஷ்யன் நீலம் பெர்லினில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த சரக்கு. அதற்கு நூறு வருஷம் முந்தையது என்று சொல்லி விற்க வந்த ஓவியத்தில் அது இருந்தால், ஒன்று பிறகு யாரோ தொட்டிருக்கிறார்கள், இல்லையென்றால் கதையே பொய். பல வண்ணங்களுக்கு அடியில் கரியால் போட்ட கோடுகளும் மேலே தெரியும். படத்தில் இருப்பவரின் கையை ஓவியர் எங்கே மாற்றி வரைந்தார் என்பது வரை. ஆனால் இன்ஃப்ராரெட்டை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுத மாட்டார்கள். எக்ஸ்ரே பாய்ச்சி வண்ணத்தில் என்னென்ன தனிமங்கள் என்று காட்டும் எக்ஸ்ரே ஃப்ளூரசன்ஸ் சோதனையில் இரும்பு தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள். வேதியியல் உள்ளே வருவது அங்கேதான்.

வழி இதுதான்: அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல், அப்புறம் நொய்டாவில் உள்ள இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஹெரிடேஜில் கலைப்பொருள் பாதுகாப்பில் (கன்சர்வேஷன்) முதுகலை. எழும்பூர் அருங்காட்சியகத்திலேயே 1930 முதல் கலைப்பொருட்களைக் காக்கும் வேதியியல் கூடம் இருக்கிறது.

வேலை? இடங்கள் குறைவு, தொடக்கச் சம்பளம் ஐ.டி. அளவுக்கு வராது. இதை மறைக்க மாட்டேன். கிடைக்காவிட்டாலும் ஒரு பொருளில் என்ன இருக்கிறது என்று காட்டும் ஒளி வரைபடத்தை, அதாவது ஸ்பெக்ட்ரத்தை, படிக்கத் தெரிந்தவளுக்கு பெயிண்ட், மருந்து கம்பெனி லேப்களில் முயற்சி செய்ய வழி உண்டு. மனையும் கையைவிட்டுப் போயிருக்காது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் அவளாகக் கேட்டிருந்தால் நானே வேறு மாதிரி பேசியிருப்பேன். அவள் கேட்கவில்லை.

சனிக்கிழமை இருவரும் எழும்பூர் போய் வாருங்கள்; வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். பெரியப்பாவைக் கூப்பிட வேண்டாம்.