பழிவாங்கப் போட்ட வழக்கு என்றால் ரத்தாகிவிடுமா?

கேள்வி: அப்பா சொத்தில் பங்கு கேட்டு அண்ணன் மீது பாகப்பிரிவினை வழக்கு போட்டேன். சம்மன் போய்ச் சேர்ந்த மறுநாளே அண்ணி போலீஸில் புகார் கொடுத்துவிட்டார். நான் வீடு புகுந்து ஆபாசமாகத் திட்டி, கொலை மிரட்டல் விடுத்தேனாம். சம்பவம் நடந்ததாகச் சொல்லும் தேதி அதற்கு 40 நாள் முந்தியது. எஃப்.ஐ.ஆர். பதிவாகி, முன்ஜாமீனில் இருக்கிறேன். 15 வருடமாக அவர்கள் எனக்குச் செய்த துரோகங்களை எல்லாம் எழுதி, இது பழிவாங்கப் போட்ட வழக்கு என்று உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போடலாமா? பதிலுக்கு நானும் ஒரு புகார் கொடுக்கலாமா? ஆத்திரத்தில் அண்ணனுக்கு ‘உங்களைப் பழி வாங்காம விட மாட்டேன்’ என்று வாட்ஸ்அப்பில் மெசேஜ் அனுப்பிவிட்டேன்.

பதில்: உங்கள் நீண்ட கடிதத்தில் இந்த கிரிமினல் வழக்குக்குப் பயன்படும் செய்தி ஒன்றுதான். 40 நாள் பேசாமல் இருந்தவர், சம்மனைக் கையில் வாங்கிய மறுநாள் புகார் கொடுத்திருக்கிறார். அப்பாவின் வைத்தியச் செலவை யார் பார்த்தார்கள், உங்கள் திருமணத்தில் அண்ணி எப்படி நடந்துகொண்டார் என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ரத்து மனுவில் அவற்றுக்கு வேலை இல்லை.

பழிவாங்கும் நோக்கம் என்ற வாதம் சட்டத்தில் இல்லாதது அல்ல. 1990-ல் பஜன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக்கூடிய ஏழு சூழ்நிலைகளைச் சொன்னது. தனிப்பட்ட பகையால் பழிதீர்க்கத் தொடுத்த வழக்கு என்பது அதில் ஏழாவது. ரத்து மனு போடும் எல்லோரும் இந்த ஏழாவதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தக் கெட்ட எண்ணம் பார்த்த மாத்திரத்தில் வெளிப்படையாகத் தெரிய வேண்டும் என்பதும் அதே வரியில் இருக்கிறது. புகாரில் சொன்னதை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொண்டால் குற்றம் ஆகிறதா என்றுதான் நீதிபதி முதலில் பார்ப்பார். ஆகிறது என்றால், புகார் கொடுத்தவர் மனதில் என்ன இருந்தது என்பது இரண்டாம் பட்சம். பகை உள்ளவர் கொடுத்த புகாரும் உண்மையாக இருக்கலாம் அல்லவா? 1986-ல் சிவநந்தன் பாஸ்வான் வழக்கிலேயே இது சொல்லப்பட்டுவிட்டது. உங்களுக்கு உதவக்கூடியது 2023-ல் வந்த முகமது வாஜித் தீர்ப்பு. பழிவாங்கும் வழக்கு என்று சொல்லப்படும்போது நீதிமன்றம் புகாரின் வாசகத்தோடு நின்றுவிடாமல், சுற்றியுள்ள சூழ்நிலைகளையும் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும் என்கிறது அது. ஆகவே மனுவில் சூழ்நிலையை வையுங்கள்: வழக்கு தாக்கலான தேதி, சம்மன் சார்வான (கையில் கிடைத்த) தேதி, சம்பவத் தேதி, புகார்த் தேதி. இவற்றுக்கு நீதிமன்ற ஆவண நகலும் எஃப்.ஐ.ஆர். நகலும் போதும். கூடவே, எந்த வார்த்தையைச் சொல்லி மிரட்டினீர்கள் என்று புகாரில் இருக்கிறதா, அதனால் அவர் உண்மையில் அச்சப்பட்டதற்கு அடையாளம் உண்டா என்று பாருங்கள். மிரட்டல் குற்றத்துக்கு அச்சுறுத்தும் நோக்கம் இருந்தாக வேண்டும்.

இனி நான் உண்மையிலேயே கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். ‘எங்களுக்குள் 15 வருடப் பகை’ என்று நீங்களே பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறீர்கள். முன்விரோதம் இருபுறமும் கூரான கத்தி என்று கிரிமினல் நீதிமன்றங்களில் சொல்வார்கள். பொய்ப் புகார் கொடுக்க அண்ணிக்கு அது காரணம் என்றால், வீடு புகுந்து மிரட்ட உங்களுக்கும் அதுவே காரணம். குற்றத்துக்கான நோக்கத்தை அரசுத் தரப்பு தேடி அலைய வேண்டாம், உங்கள் மனுவே எடுத்துக் கொடுத்துவிடும். கட்சிக்காரர்கள் இதில் விழுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முன்ஜாமீன் மனுவில் ஒரு கதை, எஸ்.பி.க்கு அனுப்பிய மனுவில் இன்னொன்று, முதல்வர் தனிப்பிரிவுக்கு மூன்றாவது. ஒவ்வொன்றிலும் பகை கொஞ்சம் கூடிக்கொண்டே போகும், தேதிகள் மாறும். விசாரணையில் அவை எல்லாம் ஒன்றுக்கொன்று முரணாக வந்து நிற்கும். ரத்து மனுவும் ‘விசாரணையில் பார்க்க வேண்டிய விஷயம்’ என்ற ஒரே வரியில் தள்ளுபடியாகும். அதற்குள் சில வருடங்கள் போயிருக்கும்.

அந்த வாட்ஸ்அப் மெசேஜ் இதைவிட மோசம். எஃப்.ஐ.ஆருக்குப் பிறகு அனுப்பியது என்பதால் பழைய சம்பவத்தை அது நிரூபித்துவிடாது. ஆனால் புதிதாக ஒரு மிரட்டல் புகாருக்கு அது போதும், முன்ஜாமீனை ரத்து செய்யக் கேட்கவும் போதும். சட்டப்படி வழக்கு நடத்துவதைத்தான் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் விளக்கலாம். அந்த விளக்கத்தை எந்தக் கட்டத்தில், யார் முன்னால் சொல்லப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். தயவுசெய்து அதை அழிக்காதீர்கள். சாட்சியமாக வரக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது தனிக் குற்றம். அண்ணனிடம் எப்படியும் அது இருக்கிறது. இனி அவருக்கோ, அண்ணிக்கோ, பொதுவான உறவினர் மூலமாகவோ ஒரு வார்த்தைகூடப் போகக் கூடாது.

பதில் புகார் வேண்டாம். உண்மையில் உங்களை அடித்திருந்தாலோ மிரட்டியிருந்தாலோ அன்றே கொடுத்திருப்பீர்கள். அவர்கள் செய்ததையே நீங்களும் செய்தால், 40 நாள் தாமதம் என்ற உங்கள் ஒரே வலுவான வாதம் உங்கள் மீதே திரும்பும். பொய்க் குற்றச்சாட்டு என்று முடிவானால் பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 248-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை தண்டனை உண்டு.

உங்களுக்கு வேண்டியது சொத்தில் பங்கு. அதற்கான வழக்கு ஏற்கெனவே நடக்கிறது. அண்ணனுக்கும் தன் மனைவி கோர்ட் படியேறிக் குறுக்கு விசாரணைக்கு நிற்பதில் விருப்பம் இருக்காது. பங்கில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது சமரசம் பேசுங்கள் என்பதே என் ஆலோசனை. இது குடும்பத்துக்குள்ளான தகராறு. சமரசத்தின் பேரில் இத்தகைய வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம், 2012-ல் கியான் சிங் தீர்ப்பு அதற்கு வழி விட்டிருக்கிறது.

சமரசத்திலும் ஒரு குழி இருக்கிறது. காவல் நிலையத்தில் உட்கார வைத்து ‘சொத்தில் எனக்குப் பாத்தியதை இல்லை’ என்று எழுதி வாங்கப் பார்ப்பார்கள். அங்கே எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். புகாரை வாபஸ் வாங்குகிறோம், நீங்கள் முதலில் பாகப்பிரிவினை வழக்கை வாபஸ் வாங்குங்கள் என்பார்கள். அதுவும் வேண்டாம். சிவில் வழக்கில் சமரச டிகிரிக்கான (சமரசத்தின்படி நீதிமன்றம் தரும் தீர்ப்பாணைக்கான) கூட்டு மனுவும், ரத்து மனுவில் அண்ணி தாக்கல் செய்யும் ஆட்சேபணை இல்லை என்ற பிரமாணப் பத்திரமும் ஒரே நாளில் கையெழுத்தாக வேண்டும். சிவில் வழக்கின் அடுத்த வாய்தாவிலேயே, சமரச மையத்துக்கு அனுப்பக் கேட்டு உங்கள் வழக்கறிஞரை ஒரு மெமோ போடச் சொல்லுங்கள்.